அட்டைப்பெட்டிக் கட்டிலும் கதவின் பின்னால் ஒரு சீட்டும்

விழவில்லை. அந்த அம்மையார் நான் போட்ட கட்டிலிலிருந்து விழவே இல்லை. கட்டிலுக்குள் இறங்கினார். ஆனால் மூன்று மாதமாக இந்தச் சங்கத்தில் உலவும் கதையில் அவர் விழுந்திருக்கிறார், இடுப்பு ஒடிந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, நான் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறேன். இடுப்பு ஒடியவில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை. அந்த வீட்டுக்குப் பின்வாசலே இல்லை. இருந்திருந்தாலும், எழுபத்தொரு வயதில் நான் எந்த வாசல் வழியாகவும் ஓடுவதில்லை. இவற்றையெல்லாம் திருத்திய பிறகுதான் எனக்கு மனமார வணக்கம் சொல்ல வரும். இப்போது சொல்கிறேன்.

வீட்டுத் தரகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, ஆறாம் தீர்மானத்தை எடுக்கும் முன் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய பெருந்தன்மை மிக்க தலைவர் அவர்களே! வெயிலென்றும் மழையென்றும் பாராமல், மாடியென்றும் படியென்றும் பாராமல், பூட்டிய வீடுகளின் சாவிகளைச் சுமந்தே தோள் சாய்ந்துபோன மூத்த தரகர்களே! சாப்பாட்டு வேளையிலும் "ரெண்டு பெட்ரூம், கார் நிறுத்த இடம் உண்டு" என்று கணவர் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பரிமாறும் பொறுமையின் சிகரங்களாகிய தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் இளைய நண்பர்களே! சுவரில் காலை வைக்காதீர்கள், நண்பர்களே. கறை படியும். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய செயலாளர், கணவரை இழந்த துயரத்தில் பொழுதுபோக்காக இந்தத் தொழிலைத் தொடங்கியவர் என்று சொன்னார். துயரம் உண்மை. பொழுதுபோக்கு என்பது பிழை. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் பதினோரு ஆண்டுகள் வளர்ந்தவள் நான். படுக்கை விரிப்பின் மூலை சரியாக மடிந்திராவிட்டால், முழுவதையும் பிரித்து மறுபடி விரித்த பிறகுதான் காலை உணவு. அந்தச் சகோதரிகளிடம் போய்ப் பொழுதுபோக்கு என்று சொல்லிப் பாருங்கள்! விற்பனைக்கு வரும் வீட்டை ஒழுங்குபடுத்தி, வாங்க வருபவர் "இங்கே நாம் வாழலாம்" என்று நினைக்கும்படி அமைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்கு மேக்கப் போடுற அம்மா என்று சிலர் சொல்கிறீர்கள். கேட்டிருக்கிறேன். வீட்டு ஒப்பனையாளர் என்று சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கும்.

ஆறாம் தீர்மானம் என்ன சொல்கிறது? சங்க உறுப்பினர் கையிலுள்ள எந்த வீட்டுக்குள்ளும் ஒப்பனையாளர்கள் இனி வரக் கூடாது என்கிறது. இது நிறைவேறினால் எனக்கு வேலை போகும். என்னோடு திரைச்சீலை தைக்கும் பெண்ணுக்குப் போகும். வர்ணம் பூசும் அக்கா தங்கை இருவருக்கும் போகும். சாமான் ஏற்றி இறக்கும் அம்மாவுக்குப் போகும். கடைசி வரிசையில் ஐந்தாறு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். திரும்பிப் பாருங்கள். எவருடைய பிழைப்பைப் பற்றிக் கை தூக்கப் போகிறோம் என்பதை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் அந்தக் கட்டில் என்கிறார்கள். அதனால் அந்தக் கட்டிலின் கதையை, அதைச் செய்தவள் வாயாலேயே கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீடு. இரண்டாம் மாடி. மனைவிக்கு மூட்டுவலி, கீழே இறங்கினால் ஏற முடியாது, ஏறினால் இறங்க மனம் வராது. அவர்கள் மகள் தன் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, மாதக் கடைசி வரை பொறுக்கும்படி அதன் சொந்தக்காரரைக் கெஞ்சி வைத்திருந்தாள். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. எட்டு மாதமாக விற்கவில்லை. முப்பத்தொன்பது பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாற்பதாவது ஆள் வரப்போகிற நேரத்தில்தான், உங்கள் சங்கத்தில் சாவிக்கொத்து என்று செல்லமாக அழைக்கப்படும் தரகர் என்னைப் போனில் கூப்பிட்டார். கையைத் தூக்க வேண்டாம், தம்பி. எல்லாருக்கும் உன்னைத் தெரியும்.

"அம்மா, சனிக்கிழமை காலைல பார்ட்டி வருது. வீட்டை ஒரு மாதிரி பண்ணிக் குடுங்க."

"எந்த மாதிரி, தம்பி?"

"ஆளுங்க வாழ்ற மாதிரி."

"அங்க ஆளுங்க வாழ்ந்துக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"அதுதாம்மா பிரச்சினையே!"

சிரிக்கிறீர்கள். ஆனால் எங்கள் தொழிலின் முழு இலக்கணமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது! நான் அழைக்கப்பட்டது வியாழக்கிழமை மாலை. எட்டு மாதம் இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்.

போய்ப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஆறு கடிகாரங்கள். ஓய்வுபெறும்போது ஆறு இடத்தில் கொடுத்தவை. ஆறும் ஆறு நேரம் காட்டின. வாங்க வருபவர் எந்த மணியைப் பார்த்தாலும் எங்கோ போக நேரமாகிவிட்டதாகத் தோன்றும். ஐந்தைக் கழற்றச் சொன்னேன். டிரைவர் ஒரு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது டிப்போவுல எல்லாரும் சேர்ந்து குடுத்ததும்மா. இது மட்டும் இருக்கட்டுமே."

"எத்தனை மணி காட்டுது பாருங்க."

"அது ஓடாதும்மா."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "குடுத்த அன்னைக்கே ஓடலை. அன்னையிலேர்ந்து தொடைச்சு மட்டும் வெக்கிறாரு."

படுக்கையறை காலியாகக் கிடந்தது. பழைய இரும்புக் கட்டிலைக் கழற்றி மகள் வீட்டுக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். காலி அறை சின்னதாகத் தெரியும். இது தொழிலில் எவருக்கும் தெரிந்தது. என்னிடமிருந்த மரக்கட்டில் அந்த மாடிப்படித் திருப்பத்தில் ஏற மறுத்தது. என்ன செய்வேன்? பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன். மேலே மெல்லிய மெத்தை. அதன்மேல் வெள்ளை விரிப்பு, நான்கு மூலையும் மடித்து. பார்வைக்கு அரண்மனைக் கட்டில்! சாவிக்கொத்துக்குப் போன் செய்தேன். "தம்பி, அதுல யாரும் உட்காரக் கூடாது. சொல்லிடு." அவர் வண்டி ஓட்டிக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றார். ஒரு சரி போதும் என்ற இடத்தில் இரண்டு சரி வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராது. ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த அறைச் சுவரில், சன்னலுக்குக் கீழே, அதுவரை இரும்புக் கட்டில் மறைத்திருந்த இடத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு ஈரக்கறை இருந்தது. "கட்டிலோட தலைமாட்டை அங்க போட்டுடுங்கம்மா, தெரியாது" என்றார் சாவிக்கொத்து. போட்டேன். உயரமான தலையணை ஒன்றையும் சாய்த்து வைத்தேன். கறை மறைந்தது. மறைத்தவர் அவரில்லை, நான். ஒரு தலையணைக்குப் பின்னால் என் நாற்பது வருட நேர்த்தியையும் சேர்த்து மறைத்து வைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. டிரைவரும் மனைவியும் பக்கத்து வீட்டில் காத்திருந்தார்கள். நான் சமையலறையில் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்து அழைத்து வந்தவர்கள் ஒரு மகன், மருமகள், அவர்களோடு மகனின் தாயார். வயது எழுபத்தெட்டு. இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். அப்படி ஏறி வந்தவர் கட்டிலைக் கண்டால் என்ன செய்வார்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

'தொப்' என்று ஒரு சத்தம். "அத்தே!" என்று மருமகள் அலறினாள். போய்ப் பார்த்தால், அந்த அம்மையார் இடுப்பு வரை பெட்டிகளுக்குள் இருக்கிறார், குளியல் தொட்டியில் உட்கார்ந்தவர் போல. மகன் ஒரு கையை இழுக்கிறார், மருமகள் இன்னொரு கையை.

"இழுக்காதடா. வசதியாத்தான் இருக்கு" என்றார் அவர். பிறகு தலையைத் திருப்பினார். தலையணை சரிந்துவிட்டது. கறை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இது என்ன தம்பி, சுவத்துல?"

சாவிக்கொத்து தலையணையை நிமிர்த்தப் பார்த்தார். "அது நிழலும்மா."

"நிழல் ஈரமா இருக்குமா? தொட்டுப் பார்த்துட்டேனே."

அரங்கத்தில் இப்போது எழும் சிரிப்பு அந்த அறையில் எழவில்லை. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நான் முன்னால் போனேன்.

"ஈரம்தாங்க. மேல் வீட்டுக் குழாய் கசியுது. தலையணையைச் சாய்ச்சு வெச்சவ நான்தான்."

"நீங்க யாரு?"

"இந்தக் கட்டிலைச் செஞ்சவ."

"இதைக் கட்டில்னு வேற சொல்றீங்களா!" என்றார் அவர். கையை நீட்டினார். மகனிடம் அல்ல, என்னிடம். தூக்கி நிறுத்தினேன். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இந்த வீட்ல எது உங்களுது, எது வீட்டுது? நடந்துக்கிட்டே சொல்லுங்க. இல்ல, எழுதியே குடுத்துடுங்க. என் பையனுக்குச் சொன்னா நிக்காது."

எழுதினேன். திரைச்சீலை என்னுடையது, சன்னல் வீட்டினுடையது. விளக்கு என்னுடையது, காலை வெளிச்சம் வீட்டினுடையது. சாப்பாட்டு மேசை என்னுடையது. மேசைக்கடியில் விரிசல் விட்ட தரைக்கல் வீட்டினுடையது. ஈரச்சுவர் வீட்டினுடையது. அதை மறைத்த தலையணை என்னுடையது. சாவிக்கொத்து வாசற்படியில் உட்கார்ந்து "போச்சு, எல்லாம் போச்சு" என்று முனகிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு டிரைவரும் மனைவியும் வந்தார்கள். டிரைவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"மாடிப்படி விளக்கு அடிக்கடி அணைஞ்சிடும். அதையும் எழுதுங்கம்மா."

"என்னங்க, நம்ம வீட்டை நாமளே குறை சொல்லணுமா?" என்று கிசுகிசுத்தார் மனைவி.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான். பிரேக் சரியா பிடிக்கலைன்னா, பிடிக்கலைன்னு எழுதி வெச்சிட்டுத்தான் வண்டியை விடுவேன். அடுத்து ஏறுறவனுக்குத் தெரிய வேணாமா?"

அந்த அம்மையார் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தார். "இதுவரைக்கும் இருபது வீடு பார்த்தோம். ஒருத்தரும் குறை சொல்லலை. எங்க என்ன இருக்குமோன்னு ஒவ்வொரு சுவரா தட்டிப் பார்த்தே கை வலிக்குது. இங்க தட்ட வேண்டியதில்ல. குழாயைச் சரி பண்ணிக் குடுங்க, பேசலாம்."

"அத்தே, உங்களுக்கு இந்த மாடி ஏற முடியுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"நான் எதுக்கும்மா ஏறணும்? வீடு உங்க ரெண்டு பேருக்கு. நீங்க போனாத்தானே என் வீட்ல நான் நிம்மதியா இருக்க முடியும்?"

நான்காம் நாள் குழாய் சரியானது. ஆறாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரைவரின் மனைவி இன்று ஒரு படி ஏறாமல் மகள் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நாளுக்கு நான்கு நடை போகிறார்.

அன்றிலிருந்து சாவிக்கொத்தும் நானும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் முன்கதவின் பின்பக்கம் ஒரு சீட்டு. எங்களோடு திரும்பிப் போகும் பொருட்கள் எவை, வீட்டோடு தங்கும் நிறைகுறைகள் எவை. கீழே இருவர் கையெழுத்து. பதினோரு வீடுகளில் தொங்கவிட்டோம். ஒன்பது விற்றன. இரண்டு விற்கவில்லை. ஒருவர் சீட்டைப் படித்துவிட்டு உள்ளே கூட வராமல் திரும்பிப் போனார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன சொல்கிறீர்கள் அங்கே? சத்தமாகச் சொல்லுங்கள். "சீட்டைப் படிச்சா எவன்மா வாங்குவான்?" நல்ல கேள்வி! இந்தக் கேள்விக்காகத்தான் வந்தேன். இப்போது தெரிகிறதா, தாய்மார்களே, ஆறாம் தீர்மானம் எங்கே பிறந்தது என்று? கட்டிலில் பிறக்கவில்லை. கதவின் பின்னால் தொங்கும் அந்தச் சீட்டில் பிறந்தது! ஒரு கட்டில் சாய்ந்ததற்காக எவரும் தீர்மானம் போடுவதில்லை. ஒரு வீட்டில் உண்மையை எழுதி மாட்டிவிட்டார்களே, நாளை என் வீட்டிலும் கேட்பார்களே என்ற பயம்தான் தீர்மானம் போடுகிறது.

எதற்குப் பயம்? சீட்டு இல்லாமல் முப்பத்தொன்பது பேர் வந்தார்களே, ஒருவராவது வாங்கினாரா? கறையை எவரும் பார்க்கவில்லை. ஆனால் எதையோ மறைக்கிறார்கள் என்பதை எல்லாரும் பார்த்தார்கள். பூட்டிய வீட்டைத் திறந்து காட்டுபவர்கள் நீங்கள். திறந்த வீட்டைப் பேச வைப்பவர்கள் நாங்கள். யார் வரப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எது தாங்கும், எது தாங்காது என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லாமல், எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் கேட்டு உறுதிசெய்யாமல் இருந்ததால்தான் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் அட்டைப்பெட்டிக்குள் போனார். அந்தப் பிழையில் பாதி என்னுடையது. மீதிப் பாதியை எவர் ஏற்பார்? தம்பி, நன்றி. நீ கை தூக்குவாய் என்று தெரியும். இப்போது தூக்கலாம்.

நான் கேட்பது சலுகை அல்ல, கூட்டு. வீட்டின் சாவி உங்கள் கைக்கு வரும் அன்றே எங்களையும் கூப்பிடுங்கள், பார்ட்டி வருவதற்கு முந்தின நாள் அல்ல. வருபவர் யார், வயது என்ன, கூட யார் வருகிறார் என்று சொல்லுங்கள். சீட்டில் எங்களோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். கையெழுத்திடத் துணிவில்லாத வீட்டை விற்கவும் துணியாதீர்கள். எங்களை விலக்கினால் நாற்காலிகள் திரும்பிவிடும், திரைச்சீலைகள் திரும்பிவிடும். ஆனால் வாங்க வருபவர்கள் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி திரும்பாது! அவர்கள் இனிக் கேட்பார்கள். எல்லா வீட்டிலும் கேட்பார்கள். கேட்கட்டும்! நாம் சேர்ந்து பதில் சொல்வோம்!

பத்து நிமிடம் முடிந்தது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். பொறுமையோடு கேட்ட தலைவருக்கும் சபையோருக்கும் நன்றி. குறுக்கே கேள்வி கேட்ட அன்பருக்குக் கூடுதல் நன்றி. எல்லாருக்கும் மீண்டும் வணக்கம்.

ஒரு வேண்டுகோள். கைதட்டலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கடைசி வரிசையில் இருக்கும் நால்வருக்கும், வேலை உண்டா இல்லையா என்று நான் நிச்சயமாகச் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் முடிவு எதுவானாலும், வரும் வெள்ளிக்கிழமைக்குள், தலைவர், செயலாளர் இருவர் கையெழுத்தோடு, எனக்கு எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள்.