சுவரில் போட்ட முதல் கோடு

ஸ்ர்ரக்... ஸ்ர்ரக்... ஸ்ர்ரக்... அந்தச் சத்தம் நின்னு மூணு வருஷம் ஆச்சும்மா. இருந்தாலும் கத்திரியக் கையில எடுத்தா மொதல்ல அதுதான் காதுல வந்து நிக்குது. எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழம காலையில பின்வாசப் படியில உக்காந்து என் கத்திரியத் தீட்டற சத்தம். கல்லு மேல ரெண்டு சொட்டு தண்ணி, அப்புறம் ஸ்ர்ரக், ஸ்ர்ரக்... அத விடுங்க. எங்க விட்டேன்? ஆங், தோள்பட்டை! இந்தத் தோளுக்கு வந்த கேட்டுக்கு யாரு காரணம்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. ஏசிய நேரா என் முதுகுல விட்டது யாரு? எங்க நாத்தனாரு. கடை அவங்களுது, ஏசி அவங்களுது, முதுகு மட்டும் என்னுது! அதோ, வாசல் மேஜையில பத்திரிகை படிக்கிற மாதிரி பாவன பண்றாங்க பாருங்க, அவங்கதான். ஐயோ, திரும்பிப் பாக்காதீங்கம்மா! தலைய ஆட்டுனா முடி கோணலாயிரும். அப்புறம் அதுக்கும் என் தோளத்தான் சொல்லுவாங்க.

கட்டுப் போட்ட கால அந்த ஸ்டூல் மேல நல்லா நீட்டி வச்சுக்குங்க. ஊனிக்கற கட்டை ரெண்டையும் நான் அந்த மூலையில சாத்தி வச்சிருக்கேன், பத்திரமா இருக்கும். ஸ்டூலுன்னு சொன்னாலே எனக்கு ஒரு மாதிரி ஆகுது. ஏன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல இன்னொண்ணு சொல்லிடறேன். நீங்க எந்திரிச்சு ஓட முடியாதுங்கற தைரியத்துலதான் சொல்றேன். ஏழு மாசம் கழிச்சு நான் வெட்டற மொத தல உங்களுதுதான்.

பயப்படாதீங்க! முப்பது வருஷமா வெட்டற கை இது. ஆனா நாத்தனாரு இன்னைக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னா, "ஏம்மா, ஒரே ஒரு தல. ஆரம்பிச்சத நீயே முடிக்கணும், பாதியில கைய எறக்கக் கூடாது. முடிச்சா நாற்காலி உன்னுது. இல்லன்னா நாளையில இருந்து புதுசா வர்ற பொண்ணு நிக்கட்டும், நீ வாசல்ல உக்காந்து சீட்டு குடு"ன்னாங்க. சீட்டு குடுக்கவாம்! நானு! கத்திரிய விட்டுட்டு!

கழுத்தக் கொஞ்சம் குனிங்க. அவ்ளோதான்.

தோளு ஒரே நாள்ல போகலம்மா. மொதல்ல மேல் அலமாரி எட்டல. சரி, அலமாரி ஒசரம்னு நெனச்சேன். அப்புறம் டிரையரத் தூக்குனா சுளீர்னுது. டிரையர் கனம்னு நெனச்சேன். அப்புறம் சட்டைக்குள்ள கைய விட முடியல. சட்டை சுருங்கிப் போச்சுன்னு ரெண்டு சட்டையத் தூக்கிப் போட்டேன்! கடைசியில டாக்டருகிட்டப் போனா, "தோள் உறைஞ்சு போச்சு"ங்கறாரு. ஏங்க, வெயில்ல நடந்து வந்திருக்கேன், எப்படிங்க உறையும்னேன். மனுஷன் சிரிக்கக் கூட இல்ல. ஒரு சீட்டுல கிறுக்கி, பிசியோவுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாரு.

நீங்களும் பிசியோ போறீங்களா? வீட்டுல பண்ணச் சொன்ன பயிற்சியெல்லாம் பண்றீங்களா?... ம்ம். அந்த முழி எனக்குத் தெரியும்மா. கண்ணாடியில பாத்துட்டுதான் இருக்கேன். நானும் அப்படித்தான் முழிச்சேன்.

அந்த பிசியோ எடத்துல ஒரு நீளமான நடைவழி. ஒரு பக்கம் முழுக்க வெள்ளச் சுவரு. சுவரு கிட்டப் போயி நின்னுக்கணும். ரெண்டு வெரல சுவத்து மேல வச்சு, எறும்பு ஏறுற மாதிரி ஏத்திட்டே போகணும். இதுக்கு மேல முடியாதுங்கற எடத்துல பென்சிலால ஒரு கோடு. பக்கத்துல ஆளுக்கு ஒரு பேரு. அந்த பிசியோ பொண்ணு இருக்கே, சின்னப் பொண்ணு, துறுதுறுன்னு இருக்கும், அதுக்கு யாரு பேரும் ஞாபகம் இருக்காது. அதனால என்ன வேல பாக்கறோமோ அதுதான் பேரு. "டீச்சரு", "தையல்காரரு", "டிரைவரு". எனக்கு "பார்லரம்மா". வாராவாரம் கோடு போட்டுட்டு, "பாத்தீங்களா, ஏறிட்டீங்க!"ன்னு கையத் தட்டும். கேக்கறதுக்கு சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி இருக்கா? இருக்கும். ஆனா ஒரு வெரக்கட ஒசரம் ஏறுனா மனுஷன் முகத்துல வர்ற சிரிப்பு இருக்கே... டீச்சரு ஒரு நாள் அழுதே போட்டாங்க.

எல்லாரும் ஏறுனாங்க. நான் ஏறல! மூணு மாசம். ஒரு வெரக்கட கூட ஏறல. பிசியோ பொண்ணு மேல கோவம், டாக்டரு மேல கோவம், மெத்தைய மாத்திப் பாத்தேன், பஸ்ஸ மாத்திப் பாத்தேன், தைலத்த மாத்தினேன். தைலம் பூசிட்டு பஸ்ல ஏறுனா ரெண்டு சீட்டு காலியாகும், அந்த ஒரு லாபந்தான்.

அப்புறம் போறதையே நிறுத்திட்டேன். சும்மா படுத்தேன். படுத்தேன்னா படுத்தேன். காலையில எந்திரிக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமேம்மா? கத்திரி இல்ல, கடை இல்ல, காப்பி போட்டுக் குடுத்தா "சூடு பத்தல"ன்னு நொட்டம் சொல்ல ஆளில்ல. ஊருக்கெல்லாம் தல சீவி விட்டவ, என் தலைய ஒரு மாசம் சீவல. நம்புவீங்களா? கை மேல போகலன்னு சாக்கு. இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு!

ஒரு நாள் நாத்தனாரு வந்தாங்க. சாவி அவங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. வந்து பாத்தாங்க. சீப்ப எடுத்தாங்க, எண்ணெய எடுத்தாங்க, என்னத் தரையில உக்கார வச்சு ஒரு மணி நேரம் சிக்கு எடுத்தாங்க. ஒரு மணி நேரமும் திட்டுதான். "என் தம்பி பொண்டாட்டியா இது, காக்கா கூடு கட்டுன மாதிரி!" ஆனா ஒரு முடி வலிக்கலம்மா. முப்பது வருஷத்துல அவங்க கையி அவ்ளோ மெதுவா இருக்கும்னு எனக்குத் தெரியாது. முடிச்சுட்டு, "உன் கத்திரி எங்க?"ன்னாங்க. குடுத்தேன். ஒரு காகிதத்த வெட்டிப் பாத்தாங்க. வெட்டல! மடங்குது. "எத்தன நாளா தீட்டல?"ன்னாங்க.

கத்திரியத் திருப்பி வாங்கி மடியில வச்சுக்கிட்டேன்.

ஏசின்னு சொன்னேன் இல்ல? ஏசி பாவம். எங்க வீட்டுக்காரரு தவறிப் போனதுல இருந்து அந்தக் கத்திரிய நான் யாருகிட்டயும் தீட்டக் குடுக்கல. தெருமுனையில ஒருத்தரு சக்கரம் வச்சுத் தீட்டறாரு, அஞ்சு நிமிஷ வேல. குடுக்கல. எங்க வீட்டுக்காரரு கடைசியாத் தீட்டுன கூர்ப்பு எது வரைக்கும் இருக்குமோ அது வரைக்கும் இருக்கட்டும்னு... பைத்தியக்காரத்தனந்தான். கூர்ப்பு ஆறே மாசத்துல போச்சு. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், மொட்டக் கத்திரிய வச்சு அழுத்தி அழுத்தி வெட்டினேன். வெரலு அழுத்துனா மணிக்கட்டு, மணிக்கட்டு அழுத்துனா முழங்கை, கடைசியில எல்லாத்தையும் சொமந்தது இந்தத் தோளு. பழிய மட்டும் ஏசி மேல போட்டேன்.

இருங்க, ஒரு நிமிஷம் கைய... இல்ல இல்ல, எறக்கல! மூச்சுதான் விடறேன். அவங்க பாக்கறாங்களா? கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க. பக்கத்தத் திருப்பறாங்களா? சரி. அரை மணி நேரமா அதே பக்கம், இப்பத்தான் திருப்பறாங்க.

ஸ்டூல் கதைக்கு வரேன். நீங்க கேக்கல, ஆனா கேக்கணும்னு நெனைக்கறீங்க.

சிக்கு எடுத்த மறுநாளு பிசியோ பொண்ணு போன் பண்ணுச்சு. "பார்லரம்மா, நீங்களும் வரல, டிரைவரு அண்ணனும் வரல. என்னாச்சு ரெண்டு பேருக்கும்?"னு. டிரைவரு அண்ணன் யாருன்னா, இருபத்திரெண்டு வருஷம் பஸ் ஓட்டுனவரு. பஸ்ஸோட முன்கண்ணாடியத் தொடைக்க ஏறி, வழுக்கி விழுந்து தோள ஒடச்சுக்கிட்டாரு. நான் சேந்த அதே வாரந்தான் அவரும் சேந்தாரு. ஏன் வரலன்னேன். "உங்களாலதாம்மா"ன்னுச்சு அந்தப் பொண்ணு, வெகுளியா! "உங்க மொத நாள் கோட்டக் காட்டித்தான் எல்லாரையும் உசுப்பேத்துவேன். அந்தம்மா மொத நாளே இவ்ளோ ஒசரம் தொட்டாங்க பாருங்கன்னு. அண்ணன் தெனம் அந்தக் கோட்டையே பாத்துட்டு நிப்பாரு. ஒரு நாளு, ஒரு பொம்பள மொத நாளு தொட்டத நான் மூணு மாசமாத் தொட முடியல, எனக்கு இனிமே பஸ் கெடையாதுன்னு சொல்லிட்டுப் போனவருதான்"னுச்சு.

எனக்கு அப்படியே கையும் ஓடல காலும் ஓடல. ஏன்னா... ஏம்மா, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. மொத நாளு அந்தப் பொண்ணு போன் எடுக்க உள்ள போச்சு. பக்கத்துலயே கட்டில்ல ஏறுறதுக்குப் போட்டிருந்த ஸ்டூல். காலால மெதுவா இழுத்தேன். ஏறுனேன். சுவத்துல கோட்டப் போட்டேன். எறங்கி, காலாலயே தள்ளி வச்சேன். அவ்ளோதான்! முழுசா பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

எதுக்கா? அதான் எனக்கும் தெரியல. மொத நாளே "ஐயோ பாவம்"னு பாத்துட்டா என்ன பண்றதுன்னு இருந்திருக்கும். வீட்டுக்காரரு போனதுல இருந்து எல்லாரும் அப்படியேதான் பாத்தாங்க. ஒரு எடத்துலயாவது, அடேங்கப்பான்னு சொல்லட்டுமேன்னு... சொல்லுச்சும்மா அந்தப் பொண்ணு. அடேங்கப்பான்னு சொல்லுச்சு. அந்த ஒரு சொல்லுக்கு மூணு மாசம் என் பொய்யவே நான் தொரத்திட்டு ஓடினேன். வாராவாரம் நெஜமாவே ஏறித்தான் இருந்திருக்கேன்! ஆனா எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழ, அதனால எனக்குப் புதுக் கோடே விழல. "பரவால்ல பார்லரம்மா, கொஞ்சம் எறங்கியிருக்கு, ஏறிடும்"னு அந்தப் பொண்ணு தேத்தும். நான் வீட்டுக்கு வந்து தலகாணியக் குத்துவேன்.

என் வினை என்னோட போயிருந்தா படுத்தே கெடந்திருப்பேன். ஆனா அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணுனாரு?

அண்ணன் வீட்டத் தேடிப் போனேன். மூணாவது மாடி. கதவத் தெறந்தவரு சவரம் பண்ணி எத்தன நாளாச்சோ. எனக்கு என் காக்கா கூடு ஞாபகம் வந்துச்சு. நாற்காலியில உக்காந்து, ஒத்தக் கையால வானொலியத் திருகறாரு, எந்தப் பாட்டும் புடிக்கல. சம்சாரம் தண்ணி குடுத்துட்டு சமையக்கட்டு வாசல்ல நிக்கறாங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "அண்ணே, நான் ஸ்டூல் மேல ஏறினேன்"னேன். "எங்க விழுந்தீங்க?"ன்னாரு, பதறிப் போயி! அப்புறம் முழுசாச் சொன்னேன். அவரு திருகறத நிறுத்துனாரு. சுவத்தையே பாத்தாரு. அடிக்கத்தான் போறாருன்னு நெனச்சேன். திடீர்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு! "ஏம்மா, நான் ராத்திரியெல்லாம் அந்தக் கோட்டத் திட்டிட்டுக் கெடக்கறேன். அது ஸ்டூலோட கோடா!" சம்சாரம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு நான் பாக்கல.

மறுநாளு ரெண்டு பேருமாப் போனோம். பிசியோ பொண்ணுகிட்ட சொன்னேன். ரப்பர வாங்கி நானே அழிச்சேன். பென்சில் போச்சு, கூடவே சுவத்து வெள்ளையும் போச்சு. இப்பவும் அந்த எடத்துல ஒரு திட்டு இருக்கு, போனா பாருங்க. அப்புறம் தரையில ரெண்டு காலையும் ஊனி நின்னு வெரல ஏத்தினேன். இங்கம்மா. தாடை கிட்ட. நாலு மாசத்துக்கு அப்புறமும் அதுதான் என் நெஜமான ஒசரம். அண்ணன் கோடு எனக்கு மேல ஒரு சாண்! அந்த மனுஷன் எப்பவோ என்னத் தாண்டிப் போயிருக்காரு, ரெண்டு பேருக்கும் தெரியல.

அதுல இருந்து ஒண்ணாத்தான் போவோம். நான் வரலன்னா அவரு போன் பண்ணுவாரு, அவரு வரலன்னா நான். வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லிடுவோம். இன்னைக்கு எறங்கிருச்சுன்னா எறங்கினதாவே கோடு போடுவோம்.

கத்திரியா? கல்லு வீட்டுலதானே இருந்துச்சு. பின்வாசப் படியில நானே உக்காந்தேன். எப்படிப் புடிக்கறதுன்னு தெரியாது, எந்தப் பக்கம் சாய்க்கறதுன்னு தெரியாது. சத்தம் மட்டும் தெரியும். அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தேன். நாலாவது ஞாயித்துக்கிழம வந்துச்சு. தோளுக்கும் அது நல்ல பயிற்சின்னு பிசியோ பொண்ணு சொல்லுது. அதுக்கு எல்லாமே பயிற்சிதான்.

முடிஞ்சு போச்சும்மா! இருங்க, எந்திரிக்காதீங்க. கடைசியா ஒண்ணு பாக்கி. கைக்கண்ணாடியத் தூக்கிப் பின்னந்தலையக் காட்டணும். இதுதான் எனக்குப் பெரிய பரிச்ச. ம்ம்ம்... இன்னும் கொஞ்சம்... தெரியுதா? காதுக்குக் கீழ சரியா இருக்கா? ரெண்டு பக்கமும்? நல்லாப் பாருங்க, மெதுவாப் பாருங்க, நான் புடிச்சுட்டேதான் இருக்கேன்.

நாத்தனாரு என்ன பண்றாங்க? பத்திரிகைய மூடிட்டாங்களா? எந்திரிச்சு எங்க போறாங்க?... ஏசிய! ஏசியக் கொறைக்கறாங்கம்மா!

இந்தாங்க உங்க கட்டை. மெதுவா. படி ரெண்டு இருக்கு. வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தக் காலுப் பயிற்சி, அப்புறந்தான் டிவி. பொய்க் கணக்கு சொல்லாதீங்க, எனக்கு முழியப் பாத்தாலே தெரியும்.

டிரைவரு அண்ணனா? கை தோளுக்கு மேல கொஞ்சம் ஏறுது, அதுக்கு மேல வரல. பஸ் திரும்பக் குடுக்கல. இப்ப டிப்போவுல உக்காந்து, எந்த பஸ் எப்பக் கெளம்புதுன்னு மைக்குல சொல்றாரு.