வெற்றிடத்தில் மட்டும் விழிக்கும் விசை

மனைவி: ...அப்ப உங்க புது விசை ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். அதானே?

கணவர்: ஆளை இல்லடி, பொருளை! கல்லு, மண்ணு, காத்து... எது பக்கத்துல இருந்தாலும் அடங்கிடும். வெற்றிடத்துல மட்டும் முழிச்சுக்கும்.

மனைவி: பாத்திரம் தேய்க்கிற நேரத்துல நீங்க காணாமப் போற மாதிரி.

கணவர்: கிண்டலை நிறுத்திட்டு இந்த டையைச் சரி பண்ணு. ஈர்ப்பு விதியையே திருத்தியிருக்கேன்! கீழ ஹால்ல பத்திரிகைக்காரங்க வந்திருப்பாங்க. நீயும் மேடைக்கு வரணும். அளந்தது உன் கருவியாச்சே.

மனைவி: அந்தக் கருவியைப் பத்தித்தான்...

கணவர்: குளிர வச்ச அணுவை வெற்றிடத்துல விழ விட்ட. அதோட அலை, கணக்கு சொன்ன இடத்தை விட்டுக் கொஞ்சம் விலகிச்சு. விலக்கினது என் விசை. இதுல இன்னும் என்ன பேச்சு?

மனைவி: நேத்து விலகலைங்க.

கணவர்: ...என்னது?

மனைவி: நம்ம கட்டட லிஃப்ட் பழுதாகி நின்னுடுச்சு. பகல் பூரா அலை இம்மிகூட விலகல.

கணவர்: அது... தற்செயலா இருக்கும்.

மனைவி: சாயங்காலம் லிஃப்ட் ஓடுச்சு. உடனே உங்க விசையும் முழிச்சுக்கிச்சு! ஆய்வறைச் சுவருக்குப் பின்னாடி, லிஃப்டோட எடைக்கு ஈடா ஒரு இரும்புப் பாளம் ஏறி இறங்குதே... பக்கத்துல வர்றப்பல்லாம் அணுவை இழுத்தது அதுதான். பழைய ஈர்ப்பு. நீங்க திருத்தாத ஈர்ப்பு.

கணவர்: யார்கிட்டயாவது சொன்னியா?

மனைவி: முதல்ல நீங்க சொல்லுங்க. லிஃப்ட்னு கேட்டதும் ஏன் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடல?

கணவர்: போட்டுச்சே...

மனைவி: பொய். உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?

கணவர்: ...பாளத்தோட எடையைப் போன வாரமே கணக்குல போட்டுப் பார்த்தேன். அலை விலகின அளவோட அச்சு அசலாப் பொருந்திச்சு.

மனைவி: தெரிஞ்சேவா மேடையேறக் கிளம்பினீங்க? என் கருவியையும் இழுத்துக்கிட்டு!

கணவர்: இன்னிக்கு மட்டும் விட்டுடு. பேர் வரட்டும்... அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம். ஈர்ப்பு விதியையே திருத்தினவன், இதைத் திருத்த மாட்டேனா?

மனைவி: அதுக்குள்ள என் மானம் கப்பலேறிடும்.

கணவர்: நீ கண்டுபிடிப்பேன்னே நான் நினைக்கலடி... சரி, வா. கூட்டம் காத்திருக்கு.

மனைவி: எந்தக் கூட்டம்? காலையிலேயே நம்ம ஆய்வு மைய டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரத்து பண்ணிட்டாரு. கீழ ஈ காக்கா கிடையாது. நீங்களா ஒரு வார்த்தை உண்மையைச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான் இவ்வளவு நேரம் பேச்சுக் கொடுத்தேன்.