ரோஸ் பூசிய இருட்டு

என் ஓவியத்தின் இருட்டுக்கு என்னைக் கேட்காமலே ரோஸ் பெயிண்ட் அடிக்கச் சொன்ன தமிழ் மன்றத் தலைவர் ஸ்ரீநிவாசன் அவர்களே, அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்த செயலாளர் ஹரிபிரசாத் அவர்களே, பார்த்தும் பேசாதிருந்த பெரியோர்களே, ஊரின் மறுகோடி விஷ்ராந்த்வாடியிலிருந்தெல்லாம் வண்டி பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பக்தவத்சலத்தின் வணக்கம்.

மன்றத்தின் இந்த விழாவை வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை.

அது என்ன ஓவியம்? லோட்ஷெட்டிங்கில் மின்சாரம் போன வேளையில் என் மனைவி கனகவல்லி ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்குகிறாள். ஒரு கன்னம், ஒரு மூக்குத்தி, முறத்தின் ஒரு விளிம்பு, மற்றதெல்லாம் இருட்டு. கறுப்பை அப்பி வந்த இருட்டா அது? பழுப்பும் நீலமும் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் மறு பூச்சாக, எண்ணெய் வண்ணத்தில் பொறுத்துப் பொறுத்துப் பூசிய இருட்டு. எந்தப் பள்ளியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நான் தீட்டியது இருட்டை, எஞ்சியதுதான் ஒளி.

அதை மனமார மன்றக் கூடத்துக்குக் கொடுத்தேன். மன்றத்தின் எல்லா விசேஷத்துக்கும் முன்நிற்கும் பட்டு மாமி பார்த்தார். "ஒத்தை விளக்கு, சுத்தி இருட்டு. துக்க வீடு மாதிரின்னா இருக்கு? நிச்சயதார்த்தம் நடக்கற ஹால்ல இதையா மாட்டுவா?" என்றார். போதாதா? கடைப் பலகை எழுதுகிறவரை அழைத்துவந்தார்கள்.

நான் கேட்டபோது ஹரிபிரசாத் சொன்ன பதில்: "அங்கிள், சும்மா டச்-அப்தான். அபி ஏக்தம் ஃப்ரெஷ் லக்தா ஹை. ஆன்ட்டி முகத்தை டச்சே பண்ணல."

இப்போதுதான் புத்தம் புதிதாகத் தெரிகிறதாம், முகத்தைத் தொடவில்லையாம். பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி அரிசி பொறுக்குகிறவளை என்னவென்பார்கள்? சிரியுங்கள், பரவாயில்லை. முன்வரிசையில் அவளும் சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தின்னர் போட்டுத் துடைத்தால் ரோஸோடு என் பூச்சும் போய்விடும்.

துண்டுச் சீட்டு வேண்டாம் ஹரிபிரசாத், முடிக்கத்தான் போகிறேன்.

எந்த இருட்டால் அவள் முகம் துலங்கியதோ, அந்த இருட்டா அமங்கலம்? பளிச்சென்று இருப்பதுதான் மங்கலம் என்றால் விளம்பரப் பலகை போதுமே, ஓவியம் எதற்கு?

ஆகவே, கேட்காமல் செய்தது தவறு என்று தலைவர் இதே மைக்கில் இன்றே சொல்ல வேண்டும். செயலாளர் படத்தை இறக்கி, வானவடியில் என் வீட்டில் சேர்க்க வேண்டும். கனகவல்லி மறுபடியும் முறத்தோடு உட்கார வேண்டும். முழங்கால் வலிக்கிறதாம், நாற்காலி கேட்கிறாள். அந்த ரோஸின் மேல் நான் மீண்டும் இருட்டைப் பூச வேண்டும். பட்டு மாமி ஒரு மாலை வந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒற்றை மெழுகுவத்தியில் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பார்த்தபின் துக்க வீடு என்று சொல்லட்டும்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும் என் வணக்கம்.