ஆல்வின் நினைவுப் படிப்பகம்

எனக்குக் காலையில் காபி குடிக்காமல் ஒரு வேலையும் ஓடாது, மேடம். ஆனாலும் படிப்பகத்தைத் திறந்து கூட்டிவிட்டுத்தான் குடிப்பேன். விடிந்ததுமே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மாதனூர் பக்கம் எங்கள் ஊரில் உட்கார்ந்து படிக்க வேறு அமைதியான இடம் கிடையாது. அங்கே படித்துப் போலீசுக்குப் போனவன் ஒருவன், ரயில்வேக்குப் போனவள் ஒருத்தி. வேலை கிடைத்ததும் இரண்டு பேருமே முதலில் என் மகன் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. எதற்காகச் செய்தேன் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஆல்வின் எங்களுக்கு ஒரே பிள்ளை. நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. டிப்ளமாவைப் பாதியில் விட்டான். எந்நேரமும் கையில் போன். நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தேன். என் கண் முன்னால் இருக்கட்டும் என்று அங்கேயே ஹெல்பராகச் சேர்த்துவிட்டேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. தொட்டி சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் வேலுவும் செல்வகுமாரும் வந்தார்கள். மூடியைத் திறந்து, காற்றாடட்டும், யாரும் கிட்டே வராதீர்கள் என்று வேலு சொன்னானாம். ஆல்வின் எட்டிப் பார்த்து உள்ளே படம் எடுத்திருக்கிறான். புதுப் போன். கை நழுவி விழுந்துவிட்டது. ஏணியை வைத்து இறங்கிவிட்டான்.

நான் ஓடி வந்தபோது செல்வகுமார் தொட்டி ஓரத்தில் கிடந்தான். அவனும் பாதி ஏணி இறங்கி, விஷவாயு தாங்காமல் மேலே வந்து விழுந்திருந்தான். வாயில் நுரை. மயக்கம் போடுவதற்கு முன்னால், "ஆல்வின் போன எடுக்க எறங்கிட்டான்ணா. அவனத் தூக்க வேலு பின்னாடியே போய்ட்டான்" என்றான். தீயணைப்புக்காரர்கள் இரண்டு உடல்களையும் மேலே கொண்டுவந்தார்கள். ஆல்வின் விரல்களுக்குள் அந்தப் போன் இருந்தது. விரல்களைப் பிரித்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அழுவதற்கு முன்னால் நான் செய்த வேலை அதுதான்.

என் மனைவி ஹெலன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். "இன்னாத்துக்குங்க அவன் உள்ள எறங்குனான்?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்தப் போன் அவள் கைக்குக் கீழேதான் இருந்தது. "வேலு விழுந்துட்டான். அவனக் காப்பாத்த எறங்குனான் நம்ம புள்ள" என்றேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள், மேடம்.

சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். படம் பிடித்தார்கள். வேலு குடித்திருந்தானா என்று யாரோ என்னிடம் கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். என் மௌனத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஆல்வின், ஒரு குடிகாரனுக்காக உயிரைக் கொடுத்த பிள்ளை ஆகியிருந்தான். பிறகு பேனர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து படிப்பகம் கட்டினார்கள்.

மனிதனுக்கு ஏன் இந்த ஆசை என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. அவர் ஏர் ஓட்டினாரா, தோல் ஊறப்போட்டாரா, அதுவும் தெரியாது. அவருக்கும் பல் வலித்திருக்கும், யார்மேலாவது ஆசை வந்திருக்கும். எல்லாம் துடைத்த மாதிரிப் போய்விட்டது. பிள்ளை இருக்கிறவன் பிள்ளையின் வாயிலாவது கொஞ்ச காலம் இருப்பான். ஒரே பிள்ளையும் போனவன் எங்கே இருப்பான்? ஒரு போனுக்காகச் செத்தான் என்றால் ஊர் ஒரு வாரம் பேசும், அதுவும் சிரித்துப் பேசும். வேலுவுக்கு ஒரு மகள் இருந்தாள். அவனை நினைக்க அவள் போதும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கு அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேலுவின் மனைவி மோகனா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். முதல் வருஷ நினைவு நாளில் பின்வரிசையில் நின்றிருந்தவள், கூட்டம் கலைந்ததும் என் காலில் விழுந்தாள். "எங்க வூட்டுக்காரர் பண்ண தப்புக்கு உங்க புள்ள போய்ட்டான்ணா. எங்கள மன்னிச்சிடுங்க" என்றாள். நான் அவளைத் தூக்கிவிட்டேன். "வுடும்மா, போனது போய்டுச்சி" என்றேன். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் மகள் சௌந்தர்யா எங்கள் படிப்பகத்தில்தான் வளர்ந்தாள். கெட்டிக்காரி. பத்தாவது படிக்கும்போது கட்டுரைப் போட்டி வைத்தோம். தலைப்பு, 'மறக்க முடியாத மனிதர்'. அவள் ஆல்வினைப் பற்றி எழுதினாள். முதல் பரிசு அவளுக்குத்தான், நான்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள். "எங்கப்பா நெஜமாவே குடிச்சிருந்தாரா தாத்தா?" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்து, "லேசாத்தான் கண்ணு" என்றேன். நிறையக் குடித்திருந்தான் என்று சொல்ல மனசு வரவில்லை, அதனால் லேசாக என்றேன். அப்போது அதை ஒரு இரக்கமாகக்கூட நினைத்தேன்.

உண்மை தெரிந்தவன் செல்வகுமார் ஒருவன்தான். பிழைத்துவிட்டான், ஆனால் நுரையீரல் போய்விட்டது. மனைவி பிரிந்து திருப்பத்தூருக்கே போய்விட்டாள். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அவனால் இருக்க முடியாது. அதை வாங்கி வந்து மாட்டுவதெல்லாம் நான்தான். கஞ்சி வைத்துக் கொடுப்பேன், முகம் மழித்துவிடுவேன். உடன்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். ஹெலனுக்காக எதுவும் சொல்லாதே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். அவன் சரி என்று தலையாட்டினான். அதன் பிறகு நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

போன வருஷக் கடைசியில் ஹெலன் தவறிவிட்டாள். நல்ல சாவுதான். கண் மூடும்போதுகூட ஆல்வின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் போனதும் செல்வகுமார் ஆரம்பித்தான்.

"அக்கா போய்ட்டாங்க. இனிமே யாருக்காகணா இது?"

நான் கஞ்சியை ஆற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"வர்ற நெனவு நாள்ல நீயே மைக்குல சொல்லிடு. நீ சொன்னாத்தான் மரியாதையா இருக்கும். நீ சொல்லலன்னா யாரையாவது புடிச்சி நான் வந்து சொல்வேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மூச்சு விட்டு மூச்சு விட்டு, தண்ணீர் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் போனேன். மாட்டியிருந்த சிலிண்டரில் காற்று தீரப்போகிற நேரம். புதுசைத் தோளில் சுமந்து கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். "மாத்துணா" என்றான். "நாளைக்கு வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. மாத்திட்றேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். சும்மாவாவது சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். மறுபடி கேட்டேன், மறுபடியும் அப்படியே ஆட்டினான். அப்புறம் அவனால் தலையையும் ஆட்ட முடியவில்லை. கடைசிவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தனியாகச் சாக விடவில்லை. முடிந்ததும் புதுச் சிலிண்டரை மாட்டி, திறந்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்து பார்த்தார். இத்தனை வருஷம் ஓடியதே அதிசயம் என்றார்.

மறுநாள் காலையில் அடக்கம். சாயங்காலம் நினைவு நாளையும் நடத்தினோம். மைக்கில் நான் ஆல்வினைப் பற்றிப் பேசினேன், செல்வகுமாரைப் பற்றியும் பேசினேன். எல்லோருக்கும் கண் கலங்கியது. கூட்டம் போன பிறகு சௌந்தர்யா மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வேலூரில் காலேஜ் படிக்கிறாள். அடுக்கி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செல்வகுமார் மாமா என்கிட்ட போன மாசமே எல்லாம் சொல்லிட்டாரு தாத்தா. நீங்களே ஒரு நாள் சொல்வீங்க, அவசரப்படாதன்னு அவர்தான் சொன்னாரு. இன்னிக்கி சொல்வீங்கன்னு உக்காந்திருந்தேன்."

பாருங்கள், மேடம். அவனைச் சாகவிட்டு நான் காப்பாற்றிய ரகசியம் ஒரு மாதமாக என் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் திட்டியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க தாத்தா. நான் சொன்னா அவங்க நம்ப மாட்டேங்கறாங்க. உங்களத்தான் நம்புவாங்க" என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் மோகனா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். நாற்காலி போட்டாள், டீ வைக்கப் போனாள். வேண்டாம் என்று உட்காரவைத்துச் சொன்னேன். வேலு குடிக்கவில்லை, என் மகனைத் தூக்கத்தான் இறங்கினான் என்று. அவள் அழவில்லை, என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திரும்பி வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அவரு போட்டோவ நான் சொவத்துல மாட்டவே இல்லணா. உங்க மூஞ்சில முழிக்கிறப்போ வெக்கமா இருக்கும்னு" என்றாள்.

அங்கிருந்து நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். செல்வகுமாரைக் கொன்றது நான்தான். நோயில் சாகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே, அவனைச் சாகவிட்டேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா, மேடம்? செல்வகுமாருக்குப் பிள்ளை குட்டி இல்லை. யாரும் அவனை நினைக்கப்போவதில்லை. எங்கள் ஊர் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் வெயிலில்தான் நிற்கிறார்கள். அவன் பெயரில் அங்கே ஒரு நிழற்குடை கட்டிவிட்டால் என்ன என்று வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். என் பெயர் பெரிதாக வேண்டாம். கீழே சின்னதாக, உபயம் என்று போட்டால் போதும்.