பாவு தாண்டாத பிள்ளைகள்

— தோ பாரு டீச்சரம்மா, நீ ஆயிரம் காரணம் சொல்லு. தறியில ஏத்தறதுக்கு நூல் நூலா தெருவுல நீட்டி வெச்ச பாவுல கத்திரி வெக்கிறதும், கட்டுன தாலியில கத்திரி வெக்கிறதும் எங்களுக்கு ஒன்னுதான்.

— தெரியும் சம்பூர்ணம் அக்கா. தெரிஞ்சிதான் வெட்டுனேன்.

— இன்னா தெனாவெட்டு பாரு. பக்கத்து தெருவுல ரோடு போடற ரோலர் ஓடுச்சி, இங்க தரை அதிர்ந்துச்சி. அவ்ளோதான் சங்கதி. அதுக்குப் போயி பூகம்பம்னு கத்தி, எம் பட்டுப் பாவைத் துண்டாக்கி, மொத்த கிளாசையும் நடுரோட்டுல தலைமேல கைய வெச்சிக்கினு உக்கார வெச்சிருக்கிற. தெருவே சிரிக்குது.

— சிரிக்கட்டும்கா. புள்ளைங்க முழுசா இருக்குதுங்க இல்ல, அது போதும்.

— ரோலரா பூகம்பமான்னு பாத்துட்டு ஓடக்கூடாதா?

— கேளுங்க. காலையில பிரேயர்ல நின்னுக்கினு இருந்தோம். தலைக்கு மேல சன்ஷேட். தரை ஆடுது, காரை பொலபொலன்னு கொட்டுது. எது ஆட்டுதுன்னு நான் போயி விசாரிச்சிட்டு வர்ற வரைக்கும் அந்த சன்ஷேட் எனக்காக காத்துக்கினு இருக்குமா? கம்பி வெளிய தெரியுது, சரி பண்ணுங்கன்னு பள்ளிக்கூட கமிட்டியில எத்தனை தடவை சொன்னேன். கமிட்டித் தலைவி நீங்கதான்.

— அதுக்கும் இதுக்கும் முடிச்சி போடாத.

— ரெண்டும் ஒன்னுதான்கா.

— சரி, ஓடுனீங்க. பாவுக்குக் கீழ குனிஞ்சி ஓடியிருக்கலாம் இல்ல?

— நான் சொல்லாமலா இருந்தேன்? குனிங்க, தாண்டுங்க, எப்டியாவது ரோட்டுக்குப் போங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன். ஒரு புள்ள அசையல. பள்ளிக்கூட வாசப்படியை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாவு நீட்டியிருந்தீங்க. உங்க ஆளுங்க டீக்கடைக்குப் போயிட்டாங்க. அத்தனையும் பாவு முன்னாடி வந்து கட்டிப்போட்டாப்ல நின்னுடுச்சிங்க. தாண்டாத, கீழ நுழையாதன்னு நடை பழகும்போதே சொல்லி வளத்துட்டீங்க. அழுதுக்கினே நிக்குதுங்க, தாண்ட மாட்டேங்குதுங்க.

— தாண்டவே இல்லியா?

— ஒன்னு கூட.

— எங்க தெரு புள்ளைங்கமா அதுங்க. அப்டித்தான் நிக்கும்.

— நின்னுக்கினே செத்திருக்கும்கா. பெருமைப்படாதீங்க.

— வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசற. நாக்குல நல்ல வார்த்தையே வராதா?

— நல்ல வார்த்தை கேக்கத்தான் வந்தீங்களா?

— நான் இன்னாத்துக்கு வந்தேன்னு சொல்லிடறேன். நீ தற்காலிக டீச்சர். கமிட்டி வெச்ச ஆளு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு, பூகம்பப் பாடம் நடத்துனது தப்பு, காஞ்சிபுரத்துல அதெல்லாம் வரவே வராதுன்னு புள்ளைங்க முன்னாடி சொல்லு. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கிறோம்.

— பாத்துக்கோங்க.

— வேலை போயிடும்மா.

— போவட்டும். பெருசா வராதுன்னு சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். அது பொய். நாலாங்கிளாசுக்குப் பொய் சொல்லிக் குடுக்க இந்த எஸ்தர் டீச்சர் எதுக்கு, வேற யாராவது போதும்.

— எங்க மாமியார் சொல்லுவாங்க. ஆதிசேஷனுக்கு ஒரு தலை வலிச்சா பூமிய இன்னொரு தலைக்கு மாத்திக்குவாராம், அப்பதான் ஆடுமாம். அத சொல்லிக் குடுத்திருந்தா புள்ளைங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நின்னிருக்கும்.

— கும்புடட்டும்கா, நான் வேணான்னு சொல்லல. வெளிய வந்து நின்னு கும்புடட்டும்.

— ஏய் கீர்த்தி, கைய முதுகுக்குப் பின்னாடி வெச்சிக்கினு அங்க இன்னா பண்ற? இங்க வா. உங்க டீச்சர் இன்னா சொல்லி பயமுறுத்தி வெச்சிருக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லு.

— பயமுறுத்தலமா. செங்கல்லு எடுத்துக்கினு வரச் சொன்னாங்க.

— செங்கல்லா?

— ஆமாமா. ஒரு செங்கல்லு மேல இன்னொன்னு வெச்சோம். மேல் செங்கல்லுல கயிறு கட்டி, அதுல ரப்பர் பேண்டு மாட்டி அஜித் இழுத்தான். செங்கல்லு மேல சாக்பீசால வீடு கட்டியிருந்தோம். கோபுரம் கூட வெச்சோம். அவன் இழுக்கிறான், செங்கல்லு நகரவே இல்லமா. ரப்பர் மட்டும் நீளுது. இன்னும் இழுக்கிறான், அப்பவும் நகரல. அப்புறம் படக்குன்னு ஒரே குதி. கோபுரம்லாம் வுழுந்துடுச்சி.

— அதுல இன்னா இருக்குது?

— பூமியும் அப்டித்தான்மா. கீழ இருக்கிற பாறை ஒரே துண்டு இல்ல. பெரிய பெரிய துண்டா இருக்குது. நம்ம நகம் வளருது இல்ல, அவ்ளோ மெதுவா நகந்துக்கினே இருக்கும். ஒன்னோட ஒன்னு ஒரசுற எடத்துல மாட்டிக்கும். மாட்டிக்கினாலும் தள்றது நிக்காது. தாங்குற வரைக்கும் தாங்கும். முடியாதப்ப வுட்டுடும். அந்தக் குலுக்கல்தான் பூகம்பம். யாரும் தப்பு பண்ணதால வர்றது இல்லமா.

— யாருடி தப்பு பண்ணதால வருதுன்னு சொன்னா?

— நீதான். தம்பி கடையில மிட்டாய் எடுத்துட்டான் இல்ல, அன்னைக்கு அவன்கிட்ட, பாவம் பண்ணா பூமி ஆடும்னு சொன்ன. அவன் தூங்கவே இல்ல. தரைய தொட்டுத் தொட்டு பாத்துக்கினு இருந்தான். நான்தான் செங்கல்லு கதைய சொன்னேன். அப்புறம்தான் தூங்குனான்.

— வாயப் பாரு. அப்பனை உரிச்சி வெச்சிருக்குது.

— அக்கா, இவ சொன்னதுல எது தப்புன்னு சொல்லுங்க. நான் இப்பவே பையைத் தூக்கிக்கினு கெளம்பறேன்.

— தப்புன்னு நான் சொல்லலியே. நல்லாதான் சொல்லிக் குடுத்திருக்கிற. பாடத்த வேணா நடத்திக்கோ, போ. ஆனா பாவு? கல்யாணப் பொடவைக்குப் போட்ட பாவுமா அது. அந்தப் பொண்ணு வூட்டுல கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? அபசகுனம்னு சொல்லிட்டா? எதோ வரதராஜப் பெருமாள் புண்ணியம், இழை கலையாம இருக்க பாவுல குறுக்க சொருகியிருக்கிற குச்சி ஓரமா வெட்டு வுழுந்திருக்குது.

— அதனால என்ன?

— அதனால என்னவா? நடுவுல வெட்டியிருந்தா இழையெல்லாம் கலஞ்சி, எது எதோட சேரணும்னே தெரிஞ்சிருக்காது. தூக்கித்தான் போடணும். குச்சி ஓரமா வெட்டுனதால வரிசை கலையல. ஒக்காந்து ஒன்னு ஒன்னா முடிச்சி போட்டுடலாம். தறி பக்கமே போவாத உனக்கு அது எப்டி வாச்சுதோ.

— எப்டியோ வாச்சுது.

— எந்தக் குச்சின்னாவது தெரியுமா?

— அந்த அவசரத்துல குச்சிய யாருக்கா பாத்தா?

— எதால வெட்டுன? கத்திரி எங்க?

— அதெல்லாம் எதுக்கு இப்ப? நான் வெட்டுனேன். மறுபடி தரை ஆடுனாலும் வெட்டுவேன். ரோலரா பூமியான்னு கேட்டுக்கினு நிக்க மாட்டேன். கூட்டத்துல இதத்தான் சொல்லப் போறேன். உங்களால ஆனத பாத்துக்கோங்க.

— அப்ப சரி. ஒரு மன்னிப்புக்கு வாய் வரல உனக்கு. நானும் தெருவுல நாலு பேருக்கு முன்னாடி நடக்கணும். எம் பாவுல கை வெச்சவங்க யாரா இருந்தாலும் இனிமே இந்தப் பள்ளிக்கூட வாசப்படிய மிதிக்கக் கூடாது. இதான் என் பேச்சு.

— நான் வேற பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேன்மா.

— உன்ன யாருடி போவச் சொன்னா?

— கீர்த்தி, நீ பேசாத. பைய எடுத்துக்கினு வூட்டுக்குப் போ.

— மாட்டேன் டீச்சர். அம்மா, டீச்சர் வெட்டல, நான்தான் வெட்டுனேன். பென்சில் சீவுற பிளேடால. தோ பாரு, விரல்ல கூட கீறிடுச்சி. மறுபடி ஆடுனாலும் வெட்டுவேன். நீ முடிச்சி போட வசதியா குச்சி ஓரமா பாத்துதான்மா வெட்டுனேன்.