தங்கைக்கும் வலிக்கட்டும்

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை. பிரசவ வார்டில் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு எதையும் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் தங்கைக்கு வயிற்றில் இரட்டை. முதுகில் மெல்லிய குழாய் வைத்து, பம்ப் மூலம் வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் மருந்து செலுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். இரட்டைப் பிரசவத்தில் அது வெறும் சொகுசு இல்லை. முதல் குழந்தை வந்ததும் இரண்டாவது குறுக்கே திரும்பிவிட்டால், டாக்டர் உள்ளே கைவிட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். மரத்துப்போயிருந்தால்தான் தாய் அதைத் தாங்குவாள். இது எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை. புதிதாக வரும் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

"அக்கா பக்கத்துல இருந்தா போதும்" என்று அவளே கேட்டு தன் பிரசவ அறையில் எனக்கு டூட்டி போட வைத்தாள்.

காலை ஒன்பதுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. பத்து மணிக்கு அவள் தலையணையில் சாய்ந்து புருஷனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் போயா எல்லாரும் அப்படி அலர்றாங்க? பல்லு பிடுங்குறது இதைவிடக் கஷ்டம்" என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன் இதே வார்டில் இருபத்திரண்டு மணி நேரம் கத்திப் பெற்றேன். பிள்ளை அழவே இல்லை. என் முதுகில் யாரும் ஊசி போடவில்லை. இவள் மறுநாள் மத்தியானம் வந்து, "விடுக்கா, அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்றாள். அடுத்தது வரவே இல்லை.

பத்தேகாலுக்குப் பம்ப்பை நிறுத்தி, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு முகம் மாறியது. "அக்கா, உயிர் போகுதுக்கா. மருந்து ஏறுதான்னு பாரேன்."

"ஏறுதுடி. ஆர்ப்பாட்டம் பண்ணாம படு."

டாக்டரும் கேட்டார். "போய்க்கிட்டுதான் இருக்கு டாக்டர். இவ சின்ன வயசுலேர்ந்தே தொட்டாச்சிணுங்கி" என்றேன். டாக்டர் சிரித்தார். பதினாறு வருஷ நர்ஸின் வார்த்தையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு மணிக்குப் பெண் பிறந்தது. இரண்டாவது குறுக்கே திரும்பியது. டாக்டர் கையை வைத்ததுமே தங்கை துள்ளினாள். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை, டாக்டரால் திருப்ப முடியவில்லை. என் கையை எப்படிப் பிடித்திருந்தாள் என்று இந்த நகக்குறிகளைப் பாருங்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வேலை போயிருக்கும். தொப்புள்கொடி முன்னால் சரிந்து நசுங்கி, பிள்ளைக்கு ரத்தம் போவது நின்றது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடி, முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து எடுப்பதற்குள் பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது. பையன். உயிர் இல்லை.

எல்லோரும் ஓடிய சந்தடியில் பம்ப்பை மறுபடி ஓடவிட்டேன். நிறுத்திய நேரத்தை அது பதிந்து வைத்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஆமாம், நிறுத்தியது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. நேற்று அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு நீ எப்படிக்கா தாங்கினே?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி. சாயங்காலம் வரை அழுதுகொண்டும் பேசிக்கொண்டும் இருந்தோம். பிறந்ததிலிருந்து இவ்வளவு ஒட்டுதலாக நாங்கள் இருந்ததே இல்லை. அதனால் அவளிடம் எதையாவது சொல்லி இதைக் கெடுத்துவிடாதீர்கள்.