நூற்றுக்குப் பன்னிரண்டு

இந்த ஊரில் ஜூன் மாதத்தில்தான் ஜன்னலைத் திறந்து வைக்க முடியும். அப்போதும் ஏரிக்காற்று கொஞ்சம் கடிக்கும், அதனால் கோட்டைக் கழற்ற வேண்டாம். காபி ஊற்றிவிட்டேன். சர்க்கரை உங்கள் பக்கம் இருக்கிறது.

லைலா கோஸ்கியின் விண்ணப்பங்கள் இரண்டு முறையும் ஏன் தாமதமாகப் போயின என்று விசாரிக்கக் கல்லூரி உங்களை அனுப்பியிருக்கிறது. அவளுடைய அப்பா கேட்டாராம். நியாயமான கேள்விதான். சொல்கிறேன்.

நான் வேதியியல் பேராசிரியை. ஆனால் பிள்ளைகள் என்னைத் தேடி வருவது வேறொன்றுக்காக. இளங்கலை முடியப் போகிற சமயத்தில், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்க வருவார்கள். மதிப்பெண்களைப் பார்ப்பேன், நுழைவுத் தேர்வைப் பார்ப்பேன், கொஞ்சம் பேச விட்டுக் கேட்பேன். பிறகு ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பேன். நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று. அந்தத் தாளை விடுதி அறைக் கதவில் ஒட்டுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. எண்பதுக்கு மேல் வாங்கியவர்கள் மற்றவர்களுக்கு பீட்சா வாங்கித் தர வேண்டும். இருபதுக்குக் கீழே வாங்கியவர்கள் சத்தமில்லாமல் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். என் எண் பொய்த்ததாக யாரும் சொன்னதில்லை.

இது கொடுமை என்று சிலர் நினைக்கலாம். நான் கருணை என்று நினைக்கிறேன். வீண் நம்பிக்கை ஒரு மனிதரை உள்ளிருந்து அரித்துவிடும். எனக்கும் இருபது வயதில் ஒரு பேராசிரியர் சொன்னார், டாக்டர் வேலை எனக்கு ஒத்துவராது என்று. நான் அழவில்லை. கேண்டீனுக்குப் போய் ஒரு முட்டை சாண்ட்விச்சை முழுவதும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

லைலா தன் முறைக்கு முன்பே வந்துவிட்டாள். பூட்ஸிலிருந்து பனி உருகி என் தரையில் ஓடியது. நான் கணினித் திரையைப் பார்த்தேன், பன்னிரண்டு என்று எழுதி நீட்டினேன்.

பன்னிரண்டைப் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லைலா சிரித்தாள்.

"பன்னெண்டா? பரவால்லையே ப்ரொஃபசர். எங்கப்பா சைபர்னு பந்தயம் கட்டியிருந்தாரு."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல, லைலா."

"தெரியும். நூறு பேர் நின்னா பன்னெண்டு பேர் உள்ள போறாங்கல்ல, அதுல நான் ஒருத்தியா இருந்துட்டுப் போறேன். மிச்சம் பதினோரு பேர நீங்க தேடிக்குங்க."

சிரித்தபடியே கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்த ஜூனில் விண்ணப்பத்தோடும், ஏன் டாக்டராக வேண்டும் என்று அதோடு எழுதித் தர வேண்டிய கட்டுரையோடும் வந்தாள். மருத்துவக் கல்லூரிகள் ஜூனில் வாசலைத் திறந்து, வர வரப் பார்த்து, இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். அக்டோபரில் அனுப்புவது, விருந்து முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் போய் உட்காருவது போல. "கட்டுரை இன்னும் பழுக்கல, அவசரப்படாதே" என்றேன். திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னேன். ஒவ்வொரு திருத்தமும் நியாயமானது. கட்டுரை உண்மையிலேயே நன்றாக வந்தது. அக்டோபரில் அனுப்பினாள்.

எங்கள் மாநிலத்திலேயே ஒரு கல்லூரி, சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுக்கும். அதன் பெயரைத்தான் அவள் முதலில் எழுதியிருந்தாள். "வீட்டுப் பக்கத்துலயே கேட்டா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாங்க" என்றேன். அந்தப் பெயரை அடித்துவிட்டாள். அவள் என் பேச்சைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கும் கிடைக்கவில்லை.

"பதினோரு பேரும் ஏறிட்டாங்க ப்ரொஃபசர். நான்தான் பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்த பஸ் எப்போ?"

நோயாளிகளோடு இன்னும் கொஞ்சம் இருந்து பழக வேண்டும் என்றேன். அந்த அனுபவம் அவளுக்குத் தேவைக்கு மேலேயே இருந்தது. பகலில் என் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஏரிக்கரை நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணியில் சேர்ந்தாள். அடுத்த வருடமும் ஜூனில் வந்தாள். அந்த முறையும் அக்டோபரில்தான் அனுப்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "இரவுப் பணிய விட்டுறவா?" என்று ஒருமுறை கேட்டாள். "இப்ப விட்டா இதுவரைக்கும் செஞ்சதும் வீண்" என்றேன். பிப்ரவரியில், பணி முடிந்து காலையில் திரும்பும்போது அவள் கார் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே மரம் ஏற்றி வந்த லாரியில் மோதிவிட்டது.

அவளுடைய அப்பா ஆர்னி கோஸ்கி, அந்தச் சாலையில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவர். அடக்கம் முடிந்த பிறகு என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த ரோட்ட நான்தான் வழிச்சேன் மேடம். உப்பும் போட்டேன். பொட்டுப் பனி கெடையாது. தூங்கிட்டா, அவ்ளோதான்."

"கேள்விப்பட்டேன், மிஸ்டர் கோஸ்கி."

சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் தாளை எடுத்தார். பசை போய்ச் சுருண்டிருந்தது.

"காருக்குள்ள ஒட்டி வச்சிருந்தா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசமாவே அவளுக்கு இவ்ளோதானா? இவ்ளோதான்னா, போதும் விட்டுரும்மான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. பந்தயம் கட்டி கேலி பண்ணிக்கிட்டே இருந்துட்டேன்."

அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. "இவ்வளவுதான்" என்றேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, நேரம் ஒதுக்கியதற்கு எனக்கு நன்றி சொன்னார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எழுதிக்கொள்ளுங்கள். லைலா முதல்முறை வந்தபோது என் திரையில் இருந்தது, அவளுக்கு முன்னால் வந்துபோன பையனின் மதிப்பெண்கள். அவளுடையவை என்று நினைத்துத்தான் பன்னிரண்டு எழுதினேன். மாலையில் திரையை அணைக்கப் போகும்போது பெயரைக் கவனித்தேன். அவளுடையதைத் திறந்து பார்த்தேன். தொண்ணூறு. கஞ்சத்தனமாகச் சொன்னாலும் தொண்ணூறு.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஃபோனைக் கையில் எடுத்தேன். அப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. என் எண்ணைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பேராசிரியரின் அறையில் நானும் அப்படிச் சிரித்துவிட்டு வெளியே வந்திருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதும் இல்லை. ஃபோனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் செய்ததெல்லாம், எழுதிய எண்ணுக்கு உண்மையாக நடந்துகொண்டதுதான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அன்று நான் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதுதானே தவறாகப் போயிருக்கும்? அவளுக்கு இடம் கிடைக்கவில்லையே.